கிடா காட்டிக்கொடுத்த சுருதி

சவுண்டு ரூமுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. தப்பு செய்தால் ஒரு பட்டனைத் தட்டி, செய்யவே செய்யாத மாதிரி ஆக்கிவிடுகிறீர்கள். எங்கள் காலத்தில் பிளேடால் அறுத்தது அறுத்ததுதான். திரும்ப வேண்டும் என்றால், தரையில் விழுந்த டேப் துண்டை முட்டி போட்டுத் தேட வேண்டும். நான் அப்படி முட்டி போட்டு ஒரு ஆட்டின் குரலைத் தேடியிருக்கிறேன். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆன பிறகு இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்த கதை. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு உரக்கடையின் மாடியில் இரண்டு அறை. சுவர் முழுக்கச் சாக்கு அடித்து, அதன்மேல் பழைய பெட்ஷீட் போட்டு மறைத்திருந்தோம். அதற்கு ஸ்டூடியோ என்று பெயர். கீழேயிருந்து யூரியா நாற்றம் ஏறி வரும். பாட வருகிறவர்கள் முதல் பாட்டு முடிவதற்குள் இரண்டு முறை தும்முவார்கள்.

முதலாளியை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். ரேடியோ கடை வைத்திருந்தவர், கேசட் காலம் வந்ததும் கேசட் போட ஆரம்பித்தார். எந்தப் பாட்டையும் அவர் முழுதாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் எது விற்கும் என்பதை அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். நான் சென்னையில் ஒரு பெரிய ஸ்டூடியோவில் இரண்டு வருஷம் ஒயர் சுற்றிவிட்டு வந்தவன். ஒயர் சுற்றியது என்று யாரிடமும் சொல்லவில்லை, சவுண்டு என்ஜினியர் என்றுதான் சொல்லிக்கொண்டேன். தலைக்கனத்துக்குக் குறைவில்லை.

ஒருநாள் பாய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். உள்ளே ஒரு ஸ்பூல் டேப்.

"தம்பி, இது யாரு தெரியுமா? சின்னபாப்பா. ஒரிஜினல் டேப். ரெக்கார்டு போட்ட கம்பெனி மூடிட்டாங்க, நான் பேசி வாங்கியாந்துட்டேன். சுத்தம் பண்ணு. புதுசு மாதிரி ஆக்கு. கேசட்டா வுட்டுடலாம்."

சின்னபாப்பா யார் என்று அந்தப் பக்கத்தில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வத்தல்மலை அடிவாரத்துக்காரர். சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. மாங்காய் லாரி, ரேஷன் மண்ணெண்ணெய், மாமியார், மழை வராத வருஷம், எது கண்ணில் பட்டாலும் பாட்டாகிவிடும். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பொம்மிடியில் ஒரு கடலை மில் கிடங்கில் வைத்து எட்டுப் பாட்டு பதிவு செய்து ஒரு ரெக்கார்டு வந்தது. பொம்மிடியிலிருந்து சித்தேரி வரை அந்த ரெக்கார்டு ஒலிக்காத கல்யாணம் கிடையாது. அதில் ஒரு பாட்டு இப்படித் தொடங்கும்:

மலையேறப் பஸ்ஸு இல்ல மச்சான் வூட்டுக்கு,
மாங்காய்க்கு வண்டி உண்டு மண்டி ரோட்டுக்கு.

அந்த உச்சக் குரலைக் கேட்டால் மண்டை கிறுகிறுக்கும். அவ்வளவு உயரம். ஐந்து கட்டை. கட்டை என்றால் உங்களுக்குத் தெரியும், சுருதியின் அளவு. நாலு என்றால் ஆர்மோனியத்தில் நாலாவது வெள்ளைக்கட்டை, ஐந்து அதற்கு அடுத்தது. கேட்க ஒரு கட்டைதான் வித்தியாசம். தொண்டைக்குத்தான் அது எவ்வளவு தூரம் என்று தெரியும்.

பாய் வழக்கம்போல் முதலில் அட்டையை அச்சடித்துவிட்டார். "அதே குரல்! அதே கம்பீரம்!" என்று சிவப்பு எழுத்தில். வெளியீட்டு விழாவுக்குக் கல்யாண மண்டபமும் பிடித்தாகிவிட்டது. நோட்டீஸில் "சின்னபாப்பா நேரில் தோன்றிப் பாடுவார்" என்று போட்டாகிவிட்டது. சின்னபாப்பாவிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

அவர் மறுத்துவிட்டார். "கேசட்டு போடுங்க, சந்தோசம். பாட மட்டும் கூப்புடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கடைசியாகப் பாடிய இரண்டு மாரியம்மன் பண்டிகையிலும் மேலே போகும்போது குரல் உடைந்துவிட்டது. இரண்டாவது ஊரில் கூட்டத்திலிருந்து யாரோ "ரெக்கார்டையே போடுங்கப்பா" என்று கத்தியிருக்கிறார்கள். மைக்செட்காரர் போட்டும் விட்டார். மேடையில் சின்னபாப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அவருடைய பாட்டை அவருடைய ரெக்கார்டு பாடுகிறது, ஜனங்கள் கை தட்டுகிறார்கள். இறங்கி வந்தவர் இரண்டு வருஷமாக வாயைத் திறக்கவில்லை. வீட்டில் ஆட்டை ஓட்டக்கூடப் பாட்டு கிடையாதாம். தன் குரல் செத்துப்போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் என் பாட்டுக்கு டேப்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். இரைச்சலைக் குறைத்தேன். பாட்டுக்கு நடுவே யாரோ இருமியதை எடுத்தேன். மூன்றாவது பாட்டில் ஒரு ஆடு "மே" என்று ஒரு நீளக் கத்தல் கத்தியது. நல்லவேளையாகப் பாட்டு நின்று ஆர்மோனியம் தொடங்குவதற்குள் இருந்த இடைவெளியில் கத்தியிருந்தது. பிளேடால் வெட்டி, ஒட்டிவிட்டேன். ஆடு இருந்த இடம் தெரியவில்லை. என் முதுகை நானே தட்டிக்கொள்ளாத குறை.

ஒரு முறை வந்து கேட்டுவிட்டுப் போகச் சொல்லி பாய் ஆள் அனுப்பினார். கேட்க வந்தால் எப்படியாவது பாடவும் சம்மதிக்க வைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. காலை பஸ்ஸில் சின்னபாப்பாவும் அவர் வீட்டுக்காரர் மாதுவும் வந்து இறங்கினார்கள். நான் அவரை அக்கா என்றும் இவரை மாமா என்றும் கூப்பிட்டேன். மாமாதான் ஆர்மோனியம். ரெக்கார்டிலும் அவர்தான், மேடையிலும் அவர்தான். மனுஷர் பேசவே மாட்டார். டீ வேண்டுமா என்று கேட்டால்கூட அக்கா முகத்தைப் பார்ப்பார்.

முழு டேப்பையும் போட்டுக் காட்டினேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் நான் பாராட்டுக்குத் தயாராக நின்றேன்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது தம்பி. கெடா எங்க?"

"எந்தக் கெடாங்க?"

"மூணாம் பாட்டுல கத்துமே, எங்க கெடா."

"அதுங்களா? இரைச்சல்னு எடுத்துட்டேன்க்கா."

"இரைச்சலா? அன்னிக்கு அத சந்தையில விக்கத்தான் ஓட்டிக்கிட்டுப் போனோம். போற வழியில இந்த ரெக்கார்டு வேல. கிடங்கு வாசல்ல கட்டிப்போட்டுட்டு உள்ள பாடறேன், அது வெளிய இருந்து என்னையக் கூப்புடுது. அப்புறம் எப்புடி விக்கறது? வூட்டுக்கே ஓட்டியாந்துட்டோம். ஏழு வருசம் இருந்துச்சு. அது கத்தறதக் கேக்கத்தான் தம்பி நான் பஸ் ஏறி வந்தேன்."

நான் பாயைப் பார்த்தேன். பாய் ஜன்னலைப் பார்த்தார். அந்தத் துண்டை நான் முதல் நாளே வெட்டிக் கீழே போட்டிருந்தேன். அப்போதுதான் முட்டி போட்டேன். மேஜைக்கு அடியில் கிடந்த இருபது முப்பது துண்டையும் பொறுக்கி ஒவ்வொன்றாக மெஷினில் கையால் இழுத்துப் பார்த்தேன். ஒன்று இருமல், ஒன்று நாற்காலி நகரும் சத்தம். கடைசியில் கிடா, பாயின் செருப்பு அடியில் ஒட்டிக்கொண்டு கிடைத்தது. துடைத்து, பழைய இடத்தில் ஒட்டி, ஓட்டிக் காட்டினேன்.

அக்கா கேட்டார். முகம் சுருங்கியது.

"இது எங்க கெடா இல்லியே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செருப்பு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன், இல்லை என்கிறார்.

"அக்கா, டேப்புல இருக்கறது இந்த ஒரு ஆடுதான்."

"இருக்கட்டும். எங்க கெடா கத்துனா அடிவயித்துல இருந்து வரும். இது ஏதோ பால்குடி மறக்காத குட்டி."

"ரெக்கார்டுலயும் இப்படித்தான இருந்திருக்கும்? பதினஞ்சு வருசமா நீங்க கேக்கலையா?"

"வூட்டுல ஏது தம்பி ரெக்கார்டு பொட்டி? கொட்டாவுல, கோயில்ல, கொழா ஸ்பீக்கருல கேட்டதுதான். அந்தச் சத்தத்துல கெடாவ யாரு கவனிச்சா? இப்பத்தான் பக்கத்துல ஒக்காந்து கேக்கறேன்."

"உங்க கொரலு சரியா இருக்குதா?"

"என் கொரல நான் எப்படிக் கண்டேன்? அது வாயில இருந்து வெளிய போறது. ரெக்கார்டுல எப்படி வந்துச்சோ அதுதான் என் கொரலுன்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் இருந்துட்டேன். கெடா கொரலு காதுல வந்து வுழுந்தது. அத ஏழு வருசம் கேட்டவ நானு."

பாய் சிரித்துவிட்டார். நானும் சிரிக்கத்தான் போனேன். அதற்குள் அறையின் மூலையிலிருந்து, அதுவரை கேட்டிராத ஒரு குரல் வந்தது. மாமா.

"அன்னிக்கு நான் நாலுலதான் வாசிச்சேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"என்னாது?"

"நாலு கட்டையில. ரெக்கார்டு வந்த அன்னிக்கே சொன்னேன், இது அஞ்சுல கேக்குதேன்னு. நீதான், உங்களுக்கு ஞாபகம் மழுங்கிப் போச்சுன்னு சொன்ன. அப்புறம் நான் சொல்லல."

"பதினஞ்சு வருசமாவா சொல்லல?"

"நீ கேக்கலியே."

பிள்ளைகளே, அறையில் யார் பேசவில்லையோ அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள் என்று நான் உங்களிடம் பல முறை சொல்லி உயிரை வாங்கியிருக்கிறேன். அதற்குக் காரணம் மாமாதான். அவரிடம் அடுத்த கேள்வியை நான் கேட்டேன். அன்றைக்குக் கிடங்கில் என்ன நடந்தது?

"கரண்டு இல்லீங்க தம்பி. கல்யாணத்துக்கு லைட்டு போடற ஜெனரேட்டர் ஒண்ணு கொண்டாந்தாங்க. அது இழுக்க முடியாம மொனகிக்கிட்டே ஓடுச்சு. ரெக்கார்டு பண்ண வந்த மெட்ராஸ்காரரு போதும் போதும்னாரு."

அந்தக் காலத்து மெஷின் கரண்ட் ஓடும் வேகத்தில்தான் ஓடும். ஜெனரேட்டர் சோர்ந்தால் மெஷினும் சோர்ந்துவிடும். மெதுவாக ஓடிய டேப்பில் பதிந்ததை, நல்ல கரண்டில் சரியான வேகத்தில் ஓட்டினால் எல்லாம் விரைந்து, உயர்ந்து, கீச்சென்று கேட்கும். பாட்டும்தான், ஆர்மோனியமும்தான், கிடாவும்தான். ஸ்டூடியோ ஆர்மோனியத்தை மாமா முன்னால் வைத்தேன். டேப்பை ஓட்டினேன். அவர் ஒரு விரலை வைத்தார். ஐந்தில் அச்சாக உட்கார்ந்தது. அவர் அன்று விரல் வைத்ததோ நாலில்.

இந்த ஜில்லாவே கொண்டாடிய அந்த உச்சக் குரல் ஒரு களைத்துப்போன ஜெனரேட்டரின் வேலை. மாமாவை ஐந்தில் வாசிக்கச் சொல்லி, மிளகையும் பனங்கற்கண்டையும் தின்று, கழுத்து நரம்பு புடைக்க, தன் ரெக்கார்டைத் துரத்திக்கொண்டு பதிமூன்று வருஷம் ஓடியிருக்கிறார் இந்த அம்மா.

வேகத்தை எப்படிக் குறைத்தேன் என்று கேட்காதீர்கள். கொஞ்சம் செலோ டேப் சம்பந்தப்பட்டிருக்கிறது. மெஷினைச் செய்த கம்பெனிக்காரன் பார்த்திருந்தால் அழுதிருப்பான். மத்தியானத்துக்குள் மூன்றாவது பாட்டை நாலு கட்டைக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

ஓட்டினேன். முதலில் கிடா கத்திய இடம். கனத்த, கரகரத்த, முற்றிய கத்தல். அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இதான்! இதான் தம்பி!" என்று கையைத் தட்டிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அடுத்த அடியில் அவர் குரல் வந்தது.

அகலமான குரல். அவசரமில்லாத குரல். அடிக்கும் அடிக்கும் நடுவே மூச்சு வாங்க இடமிருந்தது. அக்கா அசையாமல் நின்றார். இரண்டாவது சரணத்தில் உதடு அசைந்தது. மூன்றாவதில் கூடவே பாட ஆரம்பித்தார், முனகல் மாதிரிதான். நான் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நரம்பு எழும்பவில்லை. பாட்டின் உச்சிக்குப் போனார், உடையவில்லை. செத்துப்போனதாகச் சொன்ன குரல் எங்கேயும் போகவில்லை, அவரிடமேதான் இருந்திருக்கிறது.

நான் சந்தோஷத்தில் துள்ளிக்கொண்டிருக்கும்போதே அக்கா பாடுவதை நிறுத்தினார். டேப் தனியாகப் பாடி முடித்தது.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். அப்ப ஜனங்க இத்தன வருசம் கை தட்டுனது எனக்கா, ஜெனரேட்டருக்கா?"

நான் ஓடி முடிந்த டேப்பைச் சுற்ற ஆரம்பித்தேன். அவர் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். மாமா என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பின்னாலேயே போனார். மேஜையில் இரண்டு டீயும் ஆடை படிந்து கிடந்தன.

விழாவுக்கு ஐந்து நாள். பாய் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

"தம்பி, நீ பாட்டுக்கு எதையோ தோண்டி எடுத்துட்ட. ஜனங்களுக்குத் தெரிஞ்சது அஞ்சு கட்டை. அட்டையில அதே குரல்னு அடிச்சிருக்குது. இத எப்படி விக்கறது?"

"ஆனா நிஜம் இதுதான பாய்?"

"நிஜத்த டீக்கடையில போட்டுப் பாத்துடுவோம்."

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் இருந்தது, கரண்ட் போய்ப் போய் வருவதால் பேட்டரியில் ஓடுவது. பாய் புது கேசட்டைக் கொடுத்துவிட்டு, நாங்கள் இருவரும் தெரியாத ஆள் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்தோம். மலையேறும் பாட்டு ஆரம்பித்தது. பாதி அடி போவதற்குள் ஒரு கண்டக்டர் சொன்னார்:

"அண்ணே, செல்லு வீக்கு. இழுக்குது பாரு."

டீக்கடைக்காரர் பேட்டரியை மாற்றினார். பாட்டு அதே மாதிரிதான் வந்தது. "கடைக்காரன் பழைய செல்லக் குடுத்துட்டான்" என்று திட்டிக்கொண்டே வேறு ஜோடி வாங்கிவரச் செய்து மறுபடியும் மாற்றினார். அதற்குப் பிறகும் சின்னபாப்பா நிதானமாகவே மலை ஏறினார். "மோட்டாரே போச்சு" என்று சொல்லி அவர் அந்த டூ-இன்-ஒன்னின் மண்டையில் ஓங்கி ஒரு அடி கொடுத்தார். பாய் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

இந்த இடத்தில் நான் செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும், ஏனென்றால் நீங்களும் செய்வீர்கள். எல்லோரையும் திருப்திப்படுத்தப் பார்த்தேன். ஐந்தும் வேண்டாம், நாலும் வேண்டாம், நாலரையில் ஒரு டேப் செய்தேன். ஜனங்களுக்கும் பழைய ஞாபகம் கெடாது, அக்காவுக்கும் பாடக் கொஞ்சம் சுலபம். பாய்க்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "மூளைக்காரன்யா நீ" என்றார். சம்மதம் வாங்கி வர என்னையே அனுப்பினார். நான் டேப்ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் போனபோது அக்கா ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். வா என்றார், உட்கார் என்றார். நான் நாலரையைப் போட்டேன். ஒரு பாட்டு முழுக்க ஓடியது. அக்கா தழையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இந்த முறை நான் மறக்காமல் மாமாவைக் கேட்டேன்.

"எப்படி இருக்குதுங்க மாமா?"

அவர் டேப்ரெக்கார்டரைக் குனிந்து பார்த்தார்.

"இதுல யாருமே இல்லீங்க தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். பாய் மெச்சிய என் மூளை அந்த வாசலிலேயே விழுந்துவிட்டது. கேசட்டை வெளியே எடுத்துப் பைக்குள் போட்டேன். பூசி மெழுகுவதற்கு ஒன்றும் இல்லை என்று ஆனதும் அக்காவிடம் நேராகவே கேட்டேன்.

"அக்கா, உங்க பாட்டு. எதப் போடட்டும்னு நீங்கதான் சொல்லணும். பழையபடி அஞ்சு வேணும்னாலும் போட்டுடறேன்."

"நான் அன்னிக்குக் கேட்டதுக்கு நீ ஒண்ணும் சொல்லலியே."

"தெரியலைங்க்கா. எனக்கு நெஜமாவே தெரியல."

"தெரியாதுல்ல? எனக்கும் தெரியல. அந்தப் பண்டிகையில ரெக்கார்டப் போட்டப்ப நான் நெனச்சேன், சரி, அதுவும் நாந்தான, நம்ம பழைய கொரலு நம்மள செயிச்சுப்புடுச்சுன்னு. இப்பப் பாத்தா அதுவும் நான் இல்லியாமே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஏன், ஜெனரேட்டரா பாட்டுக் கட்டுச்சு?"

அக்கா திரும்பினார்.

"மாங்காய்க்கு வண்டி இருக்குது, மனுசனுக்கு இல்லன்னு அது பாடுச்சா? அது டீசலக் குடிச்சுச்சு, பொகைய வுட்டுச்சு. கல்யாணத்துல போயி அந்த வரியத்தான் சனங்க கேக்கறாங்க, கட்டையவா கேக்கறாங்க?"

மாமா ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அக்கா கையிலிருந்த தழையை ஆட்டின் முன்னால் போட்டுவிட்டு என் பக்கம் வந்து உட்கார்ந்தார். டீக்கடையில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். செல்லு வீக்கு என்றார்கள் என்றேன்.

"மாத்துனானா?"

"ரெண்டு தடவைங்க. அப்புறம் மண்டையில ஒண்ணு வெச்சான்."

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். முதலில் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆடு தழையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

"நாலுலயே போடு தம்பி. நாளைக்கு வர்றேன். பாட்டுக்கு முன்னாடி நான் ரெண்டு வார்த்த பேசணும்."

மறுநாள் வந்தார், தும்மினார், பேசினார். அந்தக் கேசட்டை இன்றைக்கும் யாராவது வைத்திருந்தால் போட்டுப் பாருங்கள். பாட்டுக்கு முன்னால் இது வரும்: "எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் சின்னபாப்பா பேசறனுங்க. செல்ல மாத்தாதீங்க, நல்லாத்தான் இருக்குது. பொட்டிய அடிக்காதீங்க, அது ஒரு பாவமும் பண்ணல. இத்தன வருசம் நீங்க கேட்டது ஓட்டமா ஓடுன கொரலு. இது நடந்து வர்ற கொரலு. பாட்டு ரெண்டுலயும் என்னுதுதான்."

பாய்க்குப் பாதி திருப்திதான். "அதே குரல்னு அச்சடிச்சிட்டேனேம்மா" என்று இழுத்தார்.

"அதேதானுங்க பாய். இதுவரைக்கும் வந்ததுதான் வேற."

அட்டையை மாற்ற இனி நேரமும் இல்லை.

விழா காலை பத்து மணிக்கு. மண்டபம் நிறைந்துவிட்டது. பாதிப் பேர் பாட்டுக்கு வந்தவர்கள், பாதிப் பேர் குரல் உடையுமா என்று பார்க்க வந்தவர்கள். எனக்கு அப்படித்தான் தோன்றியது. நான் மேடைக்குக் கீழே, மெஷினையும் மைக்கையும் ஒழுங்கு செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். விழாவையும் பதிவு செய்து தனிக் கேசட்டாக விட வேண்டும் என்பது பாயின் உத்தரவு.

அக்கா நாலில் ஆரம்பித்தார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. யாரோ "என்னப்பா இழுக்குது" என்றார்கள். அக்கா காதில் வாங்கவில்லை. மாங்காய் வண்டி வரி வந்ததும் முன்வரிசைப் பெண்கள் கூடவே பாட ஆரம்பித்தார்கள். பதினைந்து வருஷமாக அந்த ஐந்துக்கு எட்டாமல் சும்மா கேட்டுக்கொண்டிருந்தவர்கள். நாலு அவர்களுக்கும் எட்டியது. இரண்டாம் சரணத்தில் மண்டபம் மொத்தமும் பாடியது.

அப்போது அக்கா நின்றுவிட்டார். அடியை முடித்தார், அடுத்த அடியை எடுக்கவில்லை. உடைந்துவிட்டதோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. பாய் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மண்டபம் அடங்கிவிட்டது.

அக்கா மாமா பக்கம் திரும்பினார். மைக் கையில் இருப்பது அவருக்கு நினைவே இல்லை.

"ஏங்க, இந்த எடத்துல நீங்க ஒரு சின்ன வாசிப்பு வாசிப்பீங்களே. அன்னிக்கு ரெக்கார்டுல வாசிச்சீங்களே. ஏன் இத்தன வருசமா வாசிக்கல?"

மாமா தலையை நிமிர்த்தவில்லை. அவர் சொன்னதும் மைக்கில் விழுந்தது.

"நீ எங்க எடம் வுட்ட? மூச்சுக்கு அடிச்சுக்கிட்டு அடுத்த அடிக்குப் பாஞ்சிருவ. ஒனக்கே பத்தல, நான் எப்படிக் கேக்கறது?"

அக்கா மைக்கை இறக்கி ஆர்மோனியத்தின் முன்னால் பிடித்தார்.

"இப்ப வாசிங்க. நான் நிக்கறேன்."

மாமா வாசித்தார். பெரிதாக ஒன்றும் இல்லை, ஏழெட்டு சுரம்தான் இருக்கும். அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டு, அது முடியும் வரை அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் "இன்னொரு தரம்" என்றார். அவர் இன்னொரு தரம் வாசித்தார்.

கைதட்டல் ஓய்ந்த பிறகு பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார். கண் கலங்கியிருந்தது. "தம்பி, அதெல்லாம் வந்துருச்சுல்ல? அந்த ஆர்மோனியம்? அது போதும், அதுவே ஓடும்" என்றார்.

நான் மெஷினைப் பார்த்தேன். டேப் மாட்டியிருந்தது, மைக் சொருகியிருந்தது, எல்லாம் சரியாக இருந்தது. பட்டனை மட்டும் நான் அழுத்தவேயில்லை. முதல் பாட்டிலிருந்தே கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.